பட்டிச் சுவரில் இருந்த முகங்கள்

யாருடையதுமில்லாத ஒரு முகத்தை அவரால் வரைய முடியாது. மற்றதெல்லாம் வரும். ஆளுயர எழுத்தை நூல் பிடிக்காமல் எழுதுவார். காளை, கதிர், கலப்பை, பறக்கிற கொடி, எதைச் சொன்னாலும் சுவரில் இறக்கிவிடுவார். முகம் என்று வந்துவிட்டால் மட்டும் அவர் எங்கேயோ பார்த்த யாராவது ஒரு ஆள் வந்து உட்கார்ந்துகொள்வார்.

மன்னார்குடியிலிருந்து சைக்கிளில் வருவார். கேரியரில் ஒரு மரப்பெட்டி, ஹாண்டில்பாரில் இரண்டு பக்கமும் டப்பாக்கள். எந்தக் கட்சிக்காரர் என்று வேட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது, எல்லாக் கட்சியின் நிறமும் அதில் இருந்தது. தேர்தல் வந்தால் இரண்டு கட்சிக்கும் அவர்தான் எழுதுவார். காலையில் ஒரு கட்சியைப் போற்றிவிட்டு மாலையில் எதிர்ச்சுவரில் அதே கட்சியைக் கிழிகிழியென்று கிழிப்பார். எங்களுக்கு அவர் ‘பெயிண்டர்’. அவருடைய பெயரை யாரும் கேட்டதில்லை.

ரைஸ் மில்லில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மில் முதலாளி, முகப்பில் மகாலட்சுமி வேண்டுமென்று கேட்டார். தாமரை, யானை, தங்கக் காசு எல்லாம் வந்து முடிந்த பிறகு லட்சுமியின் முகத்தைப் பார்த்தால், அது மில்லில் நெல் புடைக்கிற அஞ்சலை. எங்கள் தெருக்காரி. இடதுபக்கம் தெற்றுப்பல்கூட விடாமல் வந்திருந்தது.

“ஏன்யா, லட்சுமி கேட்டா எங்கிட்ட கூலிக்கு இருக்கறவளைப் போட்டுருக்கியே!”

“லட்சுமிய நான் பாத்ததில்லீங்க முதலாளி. சாயரச்சையில மொறத்தத் தூக்கிக்கிட்டு இவங்க நிக்கிறதைப் பாத்தேன். எனக்கு அப்படித்தான் தோணுச்சு.”

கேட்டவர்கள் சிரித்தார்கள். முதலாளி வீட்டம்மா சிரிக்கவில்லை. மறுநாள் லட்சுமியை அழித்துவிட்டு யானைகளைப் பெரிதாகப் போடச் சொன்னார்கள். அஞ்சலையை இனி வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். பெயிண்டர் எங்கள் தெருவுக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது அவளிடம் மன்னிப்புக் கேட்கத்தான். அவள் வாசலில் நின்றுகொண்டு, “மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் அண்ணே. படத்துல நகையெல்லாம் போட்டிருந்தீங்களாமே, அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா? ஓடியாந்து பாத்துருப்பேன்ல” என்றாள்.

இன்னொரு சமயம் ஆளுங்கட்சி மாநாட்டுக்குத் தலைவரின் படம். கையில் ஒரு சின்ன அச்சுப்படத்தைக் கொடுத்திருந்தார்கள். பேனரைத் தூக்கிக் கட்டியதும் கூட்டம் கைதட்டப் போனது, பாதியில் நின்றுவிட்டது. மேலேயிருந்து புன்னகைத்தவர் எங்கள் முக்கூட்டு டீக்கடைக்காரர். அவரோ எதிர்க்கட்சி. மாநாடு முடியும்வரை கடையைச் சாத்திவிட்டு எங்கேயோ போய்விட்டார் மனிதர். “தலைவரு மேடையில தூரமா நிக்கிறாரு, டீக்கடைக்காரரு பக்கத்துல நிக்கிறாரு. நான் என்னங்க பண்ணுவேன்?” என்றார் பெயிண்டர். அவர் அடிக்கடி சொல்கிற ஒன்று உண்டு: “மொகம்னா ஒருத்தரோடதுதான். பொதுவா ஒரு மொகம்னு கெடையாது.”

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த ஊர் எங்கள் ஊர்.

முக்கூட்டு என்பது மூன்று சாலை சேருகிற இடம். ஒன்று மன்னார்குடிக்குப் போகும். ஒன்று வாய்க்கால் கரையோடு பண்ணை வீட்டுக்குப் போகும். மூன்றாவது எங்கள் தெருவுக்கு. நடுவில் ஒரு நீளமான செங்கல் சுவர். ஒருகாலத்தில் வயலில் மேய்ந்த மாடுகளை அடைத்து வைக்கிற பட்டி அது. மாட்டை மட்டும்தான் அடைத்தார்கள் என்றில்லை. அப்பாவின் சித்தப்பா ஒருவரை அந்தச் சுவரோரம் கட்டிவைத்து அடித்ததாக வீட்டில் பேச்சு உண்டு. பட்டி போய்விட்டது, சுவர் நின்றது. கழக ஆட்சி வந்து, பஸ்ஸும் வந்து, மேடைக்கு மேடை எல்லோரும் சமம் என்று பேசியான பிறகும் எங்கள் தெருப் பெண்கள் அந்தச் சுவருக்குப் பின்பக்கம், வாய்க்கால் ஓரமாகத்தான் நிற்பார்கள். பஸ் சத்தம் கேட்டால் ஓடிவந்து ஏறுவார்கள். முன்பக்கம் நிற்கக் கூடாது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. நின்று பழக்கமில்லை, அவ்வளவுதான்.

அந்த வருஷம் தை மாதம் ஒரு அறுப்பு நடந்தது. எங்கள் தெருவில் சிலர் வெகுகாலமாகக் குத்தகைக்கு உழுத நிலத்தைப் பண்ணை தன் சொந்தச் சாகுபடி என்று தாலுகா ஆபீசில் மாற்றி எழுதிக்கொண்டது. நட்டது எங்கள் ஆட்கள். கதிர் முற்றியதும் வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கப் பார்த்தது பண்ணை. விவசாயத் தொழிலாளர் சங்கம் கூடிப் பேசி, விடியற்காலை மூடுபனியில் எங்கள் தெருவே வயலில் இறங்கிவிட்டது. பண்ணையின் காரியக்காரர் குடையோடு வந்து வரப்பில் நின்று கத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நெல்லைத் திருடிவிட்டார்கள் என்று போலீசில் எழுதிக் கொடுத்தார். யார் யார் என்று கேட்டதற்கு, பனியில் ஆள் அடையாளம் தெரியவில்லை என்றார். வழக்கில் பெயர் இல்லை. தாசில்தார் முன்னால் பேச்சு நடந்து கூலியும் கொஞ்சம் ஏறியது. வழக்கு தூங்கிவிட்டது என்று நினைத்தோம்.

பனி விலகிய பிறகு அந்த வழியாக சைக்கிளில் வந்தவர் பெயிண்டர். இறங்கி, வரப்பில் உட்கார்ந்து, எங்கள் அம்மா அனுப்பிய கஞ்சியில் ஒரு குவளை வாங்கிக் குடித்தபடி அறுப்பு முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

முக்கூட்டைச் சரிசெய்ய வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. நெல்லை அறுத்துவிட்டோம், ஒரு இடத்தில் நிற்க முடியாதா என்று பெண்கள் கேட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவருக்கு எங்கள் ஓட்டு வேண்டியிருந்தது, தலையாட்டினார். சுவரில் படம் போடலாம் என்றார்கள் சங்கத்துப் பையன்கள். என்ன படம் என்பதற்குத் தெருவே கூடியது.

“கொடியப் போடு.”

“கொடியப் போட்டா அடுத்த எலெக்சன்ல வேற ஒருத்தன் வந்து அழிப்பான்.”

“சாமியப் போடு.”

“எந்தச் சாமியடா? ஒஞ் சாமி இந்தத் தெருவ விட்டு என்னிக்கு வெளிய வந்துருக்கு?”

அஞ்சலைதான் முடித்து வைத்தாள். “எங்களப் போடச் சொல்லுங்க. அறுத்தோம்ல? அதப் போடச் சொல்லுங்க. எம் மூஞ்சியப் போட்டு ஏற்கனவே வேல போச்சு. இனிமே போறதுக்கு என்ன இருக்கு? என்னைய முன்னாடி போடுங்க.”

பெயிண்டரிடம் சொன்னதும் அவர் சரியென்று சொல்லவில்லை, கூலி பேசவில்லை. “எல்லாரும் கை வைக்கணும், தனியா என்னால ஆவாது” என்றார். ஆண்கள் சுவரில் பாசியைச் சுரண்டினார்கள். பெண்கள் அம்மியில் காவிக்கல்லை அரைத்தார்கள். பிள்ளைகள் கரித்துண்டால் வரப்பு, கொக்கு, நண்டு, தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கிறுக்கினார்கள். ஒன்றைக்கூட அழிக்காமல் எல்லாவற்றையும் அவர் வண்ணத்தில் எடுத்தார். கொக்கைவிட நண்டு பெரிதாக இருந்தது, இருக்கட்டும் என்றார். குடியானத் தெருவிலிருந்து ஒருவர், பெயரைச் சொல்ல வேண்டாமென்று, ஒரு டப்பா நீலம் கொடுத்தனுப்பினார். டீக்கடைக்காரர், “எம் மூஞ்சி மட்டும் வேண்டாம்யா சாமி” என்று கும்பிட்டுவிட்டு எல்லோருக்கும் டீ கொடுத்தார், ஒரே மாதிரி கிளாசில். இடிந்த பட்டித் தூண் ஒன்றைப் புரட்டிப் போட்டு உட்காரும் கல்லாக்கினோம். ஒரு புங்கங்கன்று நட்டோம்.

முகங்களை மட்டும் அவரே வரைந்தார். யாரையும் எதிரில் நிறுத்தவில்லை. வரப்பில் உட்கார்ந்து பார்த்ததுதான். அஞ்சலை முன்னால், தெற்றுப்பல் தெரியச் சிரித்துக்கொண்டு. அப்பா கதிர்க்கட்டைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு கணம் நிமிர்ந்து சாலையைப் பார்க்கிறார். வெட்டுப்பட்ட புருவம், இறங்கிய இடது தோள், எல்லாம் அப்படியே.

அம்மா சண்டைக்குப் போனாள். “ஏண்ணே, எல்லாரும் இருக்காங்க, நான் எங்க?”

“ஒங்கள வயல்ல நான் பாக்கலியே தங்கச்சி.”

“எப்படிப் பாப்பீங்க? நான் வீட்ல கெடந்து கஞ்சி காய்ச்சுனேன். அதக் குடிச்சவருதானே நீங்க? கஞ்சி காய்ச்சுனவளும் அறுத்தவதான்.”

அவர் டப்பாவில் காவியைக் குழைத்தார். பிறகு வரப்பின் மேல் கஞ்சிப்பானையை வரைந்தார். விளிம்பில் இருந்த உடைசல்கூட வந்தது. “பானையப் பாத்தேன் தங்கச்சி. அதப் போட்டுட்டேன்.” அம்மா பானையை உற்றுப் பார்த்துவிட்டு, “நம்ம பானதான்” என்று திருப்தியாகப் போனாள்.

நானும் கேட்டேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்போது மன்னார்குடிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். “அண்ணே, ஓரமாவாவது என்னையும் போடுங்களேன்.”

“நீ அன்னிக்குப் பரிச்சை எழுதப் போயிட்ட தம்பி. வயல்ல இல்லாதவன எப்படி வயல்ல போடுவேன்?”

அதற்குப் பதிலாகக் கீழே ஒரு வரி எழுதச் சொன்னார். மேடைப் பேச்சுக் கேட்டு வளர்ந்தவனல்லவா, அடுக்குமொழியில் என்னென்னவோ யோசித்தேன். ஒன்றும் அந்த முகங்களுக்கு முன்னால் நிற்கவில்லை. கடைசியில், ‘இது நாங்கள் நிற்கும் இடம்’ என்று எழுதினேன்.

எங்கள் தெருவில் அதுவரை போட்டோ எடுத்துக்கொண்டவர்கள் கிடையாது. அப்பா தன் முகத்துக்கு எதிரில் போய் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் சவரம் செய்துகொண்டு மறுபடியும் போய் நின்றார். பெண்கள் சுவருக்கு முன்பக்கம் நின்று பஸ் ஏறினார்கள். தங்கள் முகத்துக்குக் கீழேயே நிற்கும்போது எவரும் தள்ளிப் போகச் சொல்லவில்லை. கண்டக்டர், “படத்தடி, படத்தடி எறங்கு” என்று கூவ ஆரம்பித்தார். ஸ்டாப்பிங்கின் பெயரே அதுவாகிவிட்டது. குறுவை நடவு வரைக்கும் முக்கூட்டு எங்களுடையதாக இருந்தது.

நடவு சமயத்தில் கூலி விஷயமாகப் பண்ணைக்கும் சங்கத்துக்கும் மறுபடி முட்டிக்கொண்டது. ஒருநாள் காலை போலீஸ் வேன் தெருவுக்குள் வராமல் முக்கூட்டிலேயே நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். பின்னால் காரியக்காரர் இறங்கினார். நாங்கள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம்.

காரியக்காரர் குடையை மடக்கினார். அதன் நுனியால் ஒவ்வொரு முகமாகத் தொட்டார். “இவன் கோயிலுக்குப் பக்கத்து வீடு. இவன் அவன் தம்பி. இவ மில்லுல இருந்தவ. இந்தப் புருவம் வெட்டுப்பட்டவன், இவன்தான் எல்லாத்துக்கும் முன்னாடி எறங்கினவன்.” பனியில் தெரியாததெல்லாம் இப்போது அவருக்குத் தெரிந்தது. ஆயிரம் பேர் பார்க்கிற இடத்தில், வெள்ளை வெயிலில், பெயர் எழுதாத குறையாக நாங்களே எழுதிவைத்திருந்தோம்.

இன்ஸ்பெக்டர் நான் எழுதிய வரியை உரக்கப் படித்தார். “நிக்கிறாங்களாம்ல? நல்லது. அப்படியே வண்டியில ஏறி நிக்கச் சொல்லு.”

அப்பாவையும் அஞ்சலையையும் கையில் கிடைத்தவர்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். குடையின் நுனி கஞ்சிப்பானையைத் தொடாமல் தாண்டிப் போனது. அம்மாவும் நானும் வண்டிக்கு வெளியே நின்றோம்.

மீதிப்பேர் வயல்காடு வழியாகத் தலைமறைவானார்கள். செய்தி கேட்டுப் பெயிண்டர் அன்று மதியமே வந்துவிட்டார். ஓடிப்போனவர்களின் பெண்டாட்டிகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். “அழிச்சுருங்க அண்ணே! அந்தக் காரியக்காரன் நாளைக்கு போட்டோக்காரனக் கூட்டியாறானாம். ஒங்களக் கும்புடுறோம், அழிச்சுருங்க.” அவரைத் திட்டியவளும் உண்டு. “கண்ணு இருக்குன்னு இப்படியாடா பாப்ப, பாவி?”

அவர் சுண்ணாம்பைக் கரைத்தார். ஒவ்வொரு முகத்துக்கு முன்னாலும் கொஞ்சம் நின்று, சுண்ணாம்பு மட்டையை வைத்து ஒரே இழுப்பு. முகத்தை மட்டும்தான் அழித்தார். கை, கால், அரிவாள், கதிர்க்கட்டு எல்லாம் இருந்தன. கழுத்துக்கு மேலே வெள்ளையாக ஒரு முட்டை. அப்பாவிடம் வந்தபோது மட்டையைத் தோய்த்துவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மா, “புடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களே அண்ணே, அவர விட்டுருங்களேன்” என்றாள். மற்ற பெண்கள், “ஒண்ண விட்டா எல்லாத்தையும் சேத்துப் பாத்துருவானுங்க” என்றார்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மட்டை இறங்கியது.

சாட்சியத்தை அழித்ததாக அவரையும் கொண்டுபோனார்கள். ஸ்டேஷனில் என்ன செய்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவரால் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை.

கோர்ட்டில் எல்லாமே அவர் வாயில் இருந்தது. முகம் போய்விட்டது. அங்கே இருந்தவை யாருடைய முகங்கள், அவர்களை வயலில் பார்த்தாரா என்று அவர் சொல்ல வேண்டும். பார்த்தேன் என்றால் தெருவுக்கே தண்டனை. சங்கத்து வக்கீல் அவரிடம், “கற்பனைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்” என்றார். இந்த மனிதருக்கு வராத ஒன்றே ஒன்று அதுதானே.

“பாத்து வரஞ்சீங்களா?” பண்ணை வக்கீல் கேட்டார்.

“இல்லீங்க. கற்பனைங்க.”

“மில்லுல லட்சுமி மொகம் யாரு மாதிரி வந்துச்சு? மாநாட்டுல தலைவரு படம் யாரு மாதிரி வந்துச்சு? ஊரே சொல்லுது, ஒங்களுக்குக் கற்பனையா மொகம் வராதுன்னு. எங்க, இப்ப ஒண்ணு வரைங்க, யார் மாதிரியும் இல்லாம.”

காகிதமும் பென்சிலும் கொடுத்தார்கள். அவர் கூண்டின் கட்டையில் காகிதத்தை வைத்துக்கொண்டார். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு மெதுவாக ஒரு முட்டை வரைந்தார். கண் இல்லை, மூக்கு இல்லை, வாய் இல்லை. நிமிர்ந்து, “இதுதாங்க” என்றார்.

கோர்ட்டில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எதிர்க் கூண்டில் நின்ற எங்கள் ஆட்களும் சிரிக்கவில்லை. அந்த முட்டையை நாங்கள் ஏற்கனவே சுவரில் பார்த்திருந்தோம்.

வழக்கு நிற்கவில்லை. எல்லோரும் விடுதலை என்று தீர்ப்பு வந்தபோது எங்கள் அப்பா இல்லை. சிறையிலிருந்து ஜாமீனில் வரும்போதே இருமிக்கொண்டுதான் வந்தார். அடுத்த சம்பா நடவைப் பார்க்கவில்லை. வீட்டில் மாட்டுவதற்கு ஒரு படம் கிடையாது. இருந்த ஒரே முகம் சுண்ணாம்புக்கு அடியில் இருந்தது. நான் பெயிண்டரைத் தேடி மன்னார்குடிக்குப் போனேன். கடைப் பலகை ஒன்றில் இடதுகையால் ‘இங்கு டீ, காபி கிடைக்கும்’ என்று எழுதிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அப்பா மொகம் ஒங்களுக்கு ஞாபகம் இருக்குமே. ஒரு அட்டையில போட்டுக் குடுங்களேன்.”

“இப்ப எழுத்து மட்டுந்தான் தம்பி.”

“ஒங்களாலதான் முடியும்.”

“கோர்ட்டுல நான் என்ன சொன்னேன்னு நீ கேட்டேல்ல? எனக்கு யாரையும் தெரியாது.” பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

இப்போது முக்கூட்டில் பட்டிச் சுவர் இல்லை. பண்ணையின் மகன் ஆளுங்கட்சியில் சேர்ந்து ஒன்றியத்தில் பெரிய ஆளாகிவிட்டார். சுவரை இடித்துவிட்டுப் பயணியர் நிழற்குடை கட்டினார். நெற்றியில் அவர் தகப்பனார் பெயர் சிமெண்டில் இருக்கிறது. கரண்டு கம்பிக்கு இடைஞ்சல் என்று புங்கமரம் போயிற்று. நாங்கள் புரட்டிப் போட்ட கல் எங்கே போனது என்று தெரியவில்லை. கண்டக்டர்கள் இன்னும் ‘படத்தடி’ என்றுதான் கூவுகிறார்கள். இடத்துக்குப் பெயர் வைத்துவிட்டுப் படம் போய்விட்டது.

அதனால்தானோ என்னவோ, நிழற்குடையின் உள்சுவரில் உழவர் பெருமையைச் சொல்கிற மாதிரி ஒரு படம் வேண்டுமென்று பண்ணை மகனுக்கு ஆசை வந்தது. பெயிண்டரையே பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவருக்கும் சாப்பிட வேண்டியிருந்ததே.

எனக்கு வாத்தியார் வேலைக்கு உத்தரவு வந்து, அம்மாவும் நானும் தஞ்சாவூர் பஸ்ஸுக்கு நின்ற காலையில் அவர் முக்காலியில் உட்கார்ந்து படத்தை முடித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் அறுப்புதான். பச்சையும் மஞ்சளுமாக வயல், கொக்கு, நண்டு. ஆட்கள் எல்லோரும் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் விடாமல் முதுகு காட்டிக்கொண்டு. ஒரு முகம் இல்லை. பண்ணை மகன் காரை நிறுத்திப் பார்த்துவிட்டு, “பிரமாதம்! இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு. எல்லாரும் வேலையில கண்ணா இருக்கானுங்க பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா நிழற்குடைக்குள் போனாள். வரிசையாக அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒரு முதுகுக்கு எதிரில் நின்றுவிட்டாள். இடது தோள் இறங்கியிருந்தது. ஈர வண்ணம் என்றுகூடப் பார்க்காமல் கையை வைத்தாள்.

“அண்ணே.”

அவர் தூரிகையை டப்பாவில் போட்டுவிட்டுத் திரும்பினார். எங்களை அவருக்குத் தெரியவில்லை என்று சொல்ல முடியாது.

“இவரு இப்படிக் குனிய மாட்டாரு அண்ணே. ஒங்களுக்குத் தெரியாதா? சாவுறப்பகூட இப்படிக் குனிஞ்சு கெடக்கல. ஏண்ணே இப்படிப் போட்டீங்க?”

பஸ் வருகிற சத்தம் கேட்டது. பெண்கள் மூட்டையைத் தூக்கினார்கள். அவர் எழுந்திருக்காமல், எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“நிமுந்தா மொகம் தெரிஞ்சுருமே தங்கச்சி.”